சிறுநீரகத்தைக் கெடுக்கும் "ரசாயனத் தந்தி"!

பள்ளிக்கூடம் போகும் பையனுக்குத் தொண்டையில் புண் வருகிறது. காய்ச்சல் அடிக்கிறது. நாலைந்து நாளில் புண் ஆறிவிடுகிறது. காய்ச்சலும் விட்டுவிடுகிறது. வீட்டில் எல்லோரும் அதை மறந்துவிடுகிறார்கள்.

பத்து நாள் கழிகிறது. ஒரு நாள் காலையில் பையனின் முகம் ஊதியிருக்கிறது. கண் இமைகள் வீங்கியிருக்கின்றன. சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போகிறது.

தொண்டைப் புண்ணுக்கும் சிறுநீருக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் இருக்கிறது! தொண்டைக்கு வந்த கிருமி சிறுநீரகத்துக்குள் புகுந்து அதைக் கடிக்கவில்லை. கிருமியை அடிக்கப் புறப்பட்ட உடம்பின் சொந்தப் படைதான் அங்கே போய்ச் சண்டை போடுகிறது. அந்தப் படையைக் கூவி அழைப்பவை, கண்ணுக்குத் தெரியாத சில ரசாயனப் பொருள்கள்.

அந்தப் பொருள்கள் எவை? அவை ஏன் இப்படிச் செய்கின்றன? அவற்றை அடக்க முடியுமா? உலகம் எங்கும் டாக்டர்களும் விஞ்ஞானிகளும் இதைத்தான் ஆராய்ந்து வருகிறார்கள்.

இரண்டு வடிகட்டிகள்

மனிதனுக்குச் சிறுநீரகங்கள் இரண்டு. கிராமங்களில் இதைக் "குண்டிக்காய்" என்பார்கள். அவரைக் கொட்டை போன்ற உருவம். ஒவ்வொன்றும் கை முட்டி அளவு இருக்கும். முதுகுப் பக்கம், விலா எலும்புக்கு அடியில், முதுகெலும்புக்கு இரு புறமும் இவை இருக்கின்றன.

இவற்றின் முக்கிய வேலை, ரத்தத்தை வடிகட்டுவது.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 10 லட்சம் வடிகட்டிகள் இருக்கின்றன. மயிரிழையை விட மெல்லிய ரத்தக் குழாய்கள், நூல் உருண்டை போலச் சுருண்டு ஒரு முடிச்சாக இருக்கும். அந்த முடிச்சுதான் வடிகட்டி.

நிமிஷத்துக்கு ஒரு லிட்டருக்கு மேல் ரத்தம் இரண்டு சிறுநீரகங்களுக்கும் பாய்கிறது. ஒரு நாளில் இந்த முடிச்சுகள் வடிக்கும் நீர் சுமார் 180 லிட்டர்! அதில் பெரும் பகுதியை உடம்பு திரும்ப எடுத்துக்கொள்கிறது. ஒன்றரை லிட்டர் அளவுக்குத்தான் சிறுநீராக வெளியே போகிறது.

நல்ல வடிகட்டி, கழிவை மட்டும் வெளியே விடும். ரத்தத்தில் உள்ள புரதச் சத்தை விடாது. சிவப்பு அணுக்களையும் விடாது. வடிகட்டியில் ஓட்டை விழுந்தால் இரண்டும் சிறுநீரில் ஒழுகத் தொடங்கும்.

கரண்டியும் மெழுகுவர்த்தியும்

இந்த ஒழுகலை ஒரு நோயின் அடையாளம் என்று உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர், இங்கிலாந்து நாட்டு டாக்டர் ரிச்சர்டு பிரைட். இவர் லண்டனில் "கய்ஸ்" ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர்.

உடம்பு வீங்கிப்போய் வரும் நோயாளிகளின் சிறுநீரைக் கரண்டியில் எடுத்து, மெழுகுவர்த்திச் சுடரில் காட்டினால், சிலரின் சிறுநீர் வெள்ளையாகத் திரைந்துவிடும். முட்டையின் வெள்ளைக் கருவைச் சூடாக்கினால் கெட்டியாகிறது அல்லவா? அதே போலத்தான். சிறுநீரில் "ஆல்புமின்" என்ற புரதம் கலந்திருப்பதுதான் காரணம்.

அப்படிப்பட்ட நோயாளிகள் இறந்த பிறகு பிரைட் அவர்களின் சிறுநீரகங்களைச் சோதித்துப் பார்த்தார். அவை கெட்டுப்போயிருந்தன. 1827-ம் ஆண்டில் இதைப் புத்தகமாக வெளியிட்டார். நீண்ட காலம் இந்த நோய்க்கு "பிரைட் நோய்" என்றே பெயர் வழங்கியது.

நோய் இருக்கும் இடம் தெரிந்துவிட்டது. ஆனால் யார் அந்த வடிகட்டியைக் கெடுக்கிறார்கள் என்பது பிரைட்டுக்குத் தெரியாது.

வாத்தும் முயலும்

சுமார் 100 ஆண்டுகள் கழித்து, ஜப்பான் நாட்டு விஞ்ஞானி மசூகி இந்த மர்மத்தை ஆராய்ந்தார். அது 1930-களில்.

முயலின் சிறுநீரகத்தை அரைத்து, அதை வாத்துகளின் உடம்பில் ஊசி மூலம் செலுத்தினார். தனக்குச் சொந்தம் இல்லாத பொருள் உள்ளே வந்தால் எந்த உடம்பும் சும்மா இருக்காது. வாத்தின் ரத்தத்தில், முயல் சிறுநீரகத்தை எதிர்க்கும் பொருள்கள் உண்டாயின. இப்படி உண்டாகும் பொருள்களுக்கு "எதிர்ப்பொருள்" என்று பெயர்.

பிறகு அந்த வாத்து ரத்தத்தின் தெளிந்த நீரை எடுத்து, நல்ல முயல்களுக்குச் செலுத்தினார். சில நாளில் முயல்களின் சிறுநீரகம் வீங்கிக் கெட்டது. சிறுநீரில் புரதம் ஒழுகியது!

இங்கே கிருமியே இல்லை. விஷமும் இல்லை. உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தியே சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று இந்தச் சோதனை காட்டியது.

ஆனாலும் ஒரு கேள்வி பாக்கி இருந்தது. எதிர்ப்பொருள் வடிகட்டியில் போய் ஒட்டிக்கொள்கிறது, சரி. அதைத் தொடர்ந்து ஆயிரக்கணக்கான வெள்ளை அணுக்கள் அங்கே வந்து குவிகின்றனவே, அவற்றுக்குச் சேதி சொல்வது யார்?

உடம்புக்குள் தந்தி

1957-ம் ஆண்டில் லண்டனில் ஒரு சோதனை நடந்தது. ஐசக்ஸ், லிண்டன்மன் என்ற இரண்டு விஞ்ஞானிகள் அதை நடத்தினார்கள்.

கோழி முட்டைக்குள் குஞ்சைச் சுற்றி இருக்கும் சவ்வை எடுத்தார்கள். அதோடு, சூடு காட்டிச் சாகடித்த "புளு" காய்ச்சல் வைரஸ்களைச் சேர்த்து வைத்தார்கள். பிறகு சவ்வை எடுத்துவிட்டு, மிச்சம் இருந்த நீரை மட்டும் வேறு புதிய சவ்வில் ஊற்றினார்கள். அந்தப் புதிய சவ்வில் உயிருள்ள வைரஸ்களை விட்டார்கள். அவை சரியாக வளரவில்லை!

முதல் சவ்வு ஏதோ ஒரு பொருளை அந்த நீரில் விட்டிருந்தது. "பகைவன் வருகிறான், கதவைச் சாத்து" என்று பக்கத்தில் இருப்பவர்களுக்குச் சொல்லும் பொருள் அது. அதற்கு "இன்டர்பெரான்" என்று பெயர் வைத்தார்கள்.

அதன் பிறகு இப்படிப்பட்ட பொருள்கள் ஒன்றன் பின் ஒன்றாகக் கண்டுபிடிக்கப்பட்டன. இவற்றுக்குப் பொதுவாக "சைட்டோகைன்" என்று பெயர். உடம்பில் உள்ள ஓர் உயிரணு, இன்னோர் உயிரணுவுக்கு அனுப்பும் சேதிதான் இது.

முன்பு அவசரச் செய்திக்குத் தந்தி கொடுப்பார்கள். 2013-ம் ஆண்டில் நம் நாட்டில் தந்தி சேவை மூடப்பட்டது. ஆனால் உடம்புக்குள் இந்த ரசாயனத் தந்தி ஒரு நிமிஷமும் நிற்பது இல்லை!

தந்தியில் வார்த்தை குறைவு. வேலை பெரிது. இந்தப் பொருள்களும் அப்படித்தான். ஒரு கிராமை லட்சம் கோடிப் பங்காக்கினால் ஒரு பங்கு எவ்வளவு? அந்தக் கணக்கில்தான் ரத்தத்தில் இவற்றை அளக்கிறார்கள். அவ்வளவு சிறிய அளவே காய்ச்சலை உண்டாக்கும். வெள்ளை அணுக்களைக் கூட்டம் கூட்டமாக இழுத்து வரும்.

இவற்றில் பல வகை உண்டு. "இன்டர்லூக்கின்" என்ற பெயரில் பல தந்திகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்திருக்கிறார்கள். "டி.என்.எப்." என்று ஒரு தந்தி இருக்கிறது. அது 1975-ம் ஆண்டில் அமெரிக்காவில் கண்டுபிடிக்கப்பட்டது.

எல்லாத் தந்தியும் சண்டைக்கு அழைப்பவை அல்ல. "சண்டை போதும், கலைந்து போ" என்று உத்தரவு போடும் தந்திகளும் உண்டு. 10-ம் எண் இன்டர்லூக்கின் அப்படிப்பட்டது.

வடிகட்டியில் நடக்கும் யுத்தம்

சிறுநீரகத்தில் நடப்பது இதுதான்:

எதிர்ப்பொருள்கள் ரத்தத்தோடு வந்து வடிகட்டி முடிச்சில் சிக்கிக்கொள்கின்றன. அந்த முடிச்சைத் தாங்கிப் பிடிக்கும் உயிரணுக்கள் கலவரம் அடைகின்றன. உடனே தந்தி அடிக்கின்றன.

"எம்.சி.பி.-1" என்ற தந்தி, ரத்தத்தில் போய்க்கொண்டிருக்கும் வெள்ளை அணுக்களை "இங்கே வா" என்று அழைக்கிறது. வந்த வெள்ளை அணுக்கள் சும்மா இருப்பது இல்லை. அவை டி.என்.எப்., 1-ம் எண் இன்டர்லூக்கின், 6-ம் எண் இன்டர்லூக்கின் ஆகிய தந்திகளைத் தாங்களும் அனுப்புகின்றன. அதைக் கேட்டு மேலும் பல அணுக்கள் வருகின்றன. தந்திக்கு மேல் தந்தி! படைக்கு மேல் படை!

கிருமியைக் கரைக்கக் கக்கும் திரவத்தை இந்த அணுக்கள் வடிகட்டியின் மீதே கக்குகின்றன. மெல்லிய வடிகட்டி வீங்குகிறது, கிழிகிறது. புரதம் ஒழுகுகிறது. சிவப்பு அணுக்கள் நழுவி வெளியேறுகின்றன. அதனால்தான் சிறுநீர் கடுங்காப்பி நிறமாகிறது. நீரும் உப்பும் உடம்பில் தங்குவதால் முகம் ஊதுகிறது. ரத்த அழுத்தமும் ஏறுகிறது.

இப்படி ஓர் உறுப்பு வீங்கிக் கொதிப்பதை டாக்டர்கள் "அழற்சி" என்கிறார்கள்.

தொண்டைப் புண்ணுக்குப் பிறகு வரும் சிறுநீரக அழற்சி பெரும்பாலான குழந்தைகளுக்குச் சில வாரங்களில் தணிந்துவிடுகிறது. "கலைந்து போ" என்ற உத்தரவு வேலை செய்துவிடுகிறது. ஆனாலும் அந்தச் சில வாரங்களில் டாக்டரின் மேற்பார்வை கட்டாயம் வேண்டும். ரத்த அழுத்தம் திடீரென்று ஏறினால் வலிப்பு வரலாம்.

வேறு சில நோய்களில் சண்டை ஓய்வது இல்லை. 1968-ம் ஆண்டில் பாரிஸ் நகரத்து டாக்டர் ழான் பெர்ஜே ஒரு நோயைக் கண்டு சொன்னார். "ஐ.ஜி.ஏ." என்ற எதிர்ப்பொருள் வடிகட்டியில் சேர்ந்து, பல ஆண்டுகள் மெல்ல மெல்ல அதை அரிக்கும் நோய் அது. "லூபஸ்" என்று இன்னொரு நோய் உண்டு. இது பெரும்பாலும் இளம் பெண்களைப் பிடிக்கிறது. இதில் உடம்பு தன்னையே பகைவனாக நினைத்துத் தாக்குகிறது. சிறுநீரகமும் அந்தத் தாக்குதலில் சிக்குகிறது.

தழும்பு செய்யும் கேடு

கையில் காயம் பட்டால் ஆறிய பிறகு தழும்பு நிற்கும். அதனால் கைக்கு நஷ்டம் இல்லை. ஆனால் வடிகட்டியில் தழும்பு விழுந்தால்? அந்த வடிகட்டி அடைபட்டுவிடும். அடைபட்டது மறுபடி திறக்காது. புதிய வடிகட்டியும் முளைக்காது.

தழும்பு போடச் சொல்வதும் ஒரு தந்திதான். அதன் பெயர் "டி.ஜி.எப். பீட்டா". புண்ணை ஆற்றுவதற்காக உடம்பு அனுப்பும் நல்ல தந்தி அது. ஓயாமல் வந்துகொண்டே இருந்தால் அதுவே கெடுதல் ஆகிறது.

1990-ம் ஆண்டில் அமெரிக்க விஞ்ஞானிகள், சிறுநீரக அழற்சி வந்த எலிகளுக்கு இந்தத் தந்தியைத் தடுத்தார்கள். எலிகளின் சிறுநீரகத்தில் தழும்பு குறைந்தது. ஆனால் மனிதர்களிடம் இதே வழியைச் சோதித்தபோது எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை. எலியை விட மனித உடம்பில் முடிச்சுகள் அதிகம்!

எல்லா வாயையும் அடைத்த மருந்து

இந்தச் சண்டையை நிறுத்த நெடுங்காலம் சரியான மருந்து இல்லாமல் இருந்தது.

1948-ம் ஆண்டில் அமெரிக்காவில் டாக்டர் பிலிப் ஹெஞ்ச், மூட்டு வாதத்தால் அவதிப்பட்ட ஒரு பெண்ணுக்குக் "கார்ட்டிசோன்" என்ற மருந்தைக் கொடுத்தார். அசைய முடியாமல் கிடந்த அந்தப் பெண் சில நாளில் எழுந்து நடந்தார். 1950-ம் ஆண்டில் ஹெஞ்சுக்கும், அந்த மருந்தை ஆராய்ந்த மேலும் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

இந்த வகை மருந்துகளை "ஸ்டீராய்டு" என்கிறோம். சிறுநீரக அழற்சி பலவற்றுக்கு இன்றும் இதுவே முக்கிய மருந்து. இதனால் பிழைத்த சிறுநீரகங்கள் ஏராளம்.

ஆனால் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஸ்டீராய்டு ஒரு தந்தியை மட்டும் தடுப்பது இல்லை. தந்தி ஆபீசையே பூட்டிவிடுகிறது! கெட்ட சேதியோடு நல்ல சேதியும் நின்றுபோகிறது. அதனால் நீண்ட நாள் சாப்பிட்டால் சாதாரணக் கிருமியும் தைரியமாக உள்ளே வரும். முகம் உருண்டையாக ஊதும். சர்க்கரை ஏறும். எலும்பு தேயும்.

இதற்குப் பயந்து மருந்தைத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. டாக்டர் சொல்லும் கணக்குப்படி சிறிது சிறிதாகத்தான் குறைக்க வேண்டும்.

ஒரு கம்பியை மட்டும் வெட்டினால்?

எந்தத் தந்தி கெடுதல் செய்கிறதோ, அந்தக் கம்பியை மட்டும் வெட்டினால் என்ன? விஞ்ஞானிகளுக்கு இந்த யோசனை வந்தது.

முதலில் டி.என்.எப். தந்தியை வெட்டிப் பார்த்தார்கள். மூட்டு வாதத்தில் இது நல்ல பலன் தந்திருந்தது. சிறிய ரத்தக் குழாய்களையும் சிறுநீரகத்தையும் தாக்கும் ஒரு கொடிய அழற்சி நோய்க்கு, வழக்கமான மருந்தோடு சேர்த்து இதையும் கொடுத்தார்கள். 2005-ம் ஆண்டில் முடிவு வெளியாயிற்று. நோய் திரும்பி வருவதை அது தடுக்கவில்லை. அது மட்டும் அல்ல. அந்த மருந்தைப் பெற்றவர்களில் ஆறு பேருக்குப் புற்றுநோய்க் கட்டி வந்தது. பெறாதவர்களில் ஒருவருக்கும் வரவில்லை.

ஒரு நோயில் கெடுதல் செய்யும் தந்தி, இன்னொரு நோயில் முக்கியம் இல்லாமல் இருக்கலாம். எந்த நோயில் எந்தக் கம்பி என்று பார்த்து வெட்ட வேண்டும். விஞ்ஞானிகள் கற்ற பாடம் இது.

பிறகு வேறு ஒரு தந்தியைப் பிடித்தார்கள். அதன் பெயர் "பாப்". எதிர்ப்பொருளைத் தயார் செய்யும் வெள்ளை அணுக்களை "சாகாதே, உயிரோடு இரு" என்று தட்டிக் கொடுக்கும் தந்தி இது. இதைத் தடுக்கும் மருந்து "பெலிமுமாப்".

லூபஸ் நோயால் சிறுநீரகம் பாதித்த 448 பேரிடம் இதைச் சோதித்தார்கள். எல்லோருக்கும் வழக்கமான மருந்து உண்டு. பாதிப் பேருக்கு மட்டும் புதிய மருந்தும் சேர்த்துக் கொடுத்தார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்துப் பார்த்தால், பழைய மருந்து மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 32 பேருக்குக் குணம் தெரிந்தது. புதியதும் பெற்றவர்களில் நூற்றுக்கு 43 பேருக்குக் குணம் தெரிந்தது. 2020-ம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்க அரசு, சிறுநீரக லூபசுக்கு இந்த மருந்தை அனுமதித்தது.

இது அற்புத மருந்து அல்ல. நூற்றில் பாதிப் பேருக்கு மேல் அந்த அளவுக்குக் குணம் காணவில்லை. ஆனாலும் வழி சரி என்று தெரிந்துவிட்டது.

பாப் தந்திக்கு ஓர் உடன்பிறப்பு உண்டு. அதன் பெயர் "ஏப்ரல்"! மாதத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. நீளமான இங்கிலீஷ் பெயரின் சுருக்கம் இது. டாக்டர் பெர்ஜே கண்ட நோயில் இந்தத் தந்திக்குப் பெரிய பங்கு உண்டு. அதைத் தடுக்கும் ஒரு மருந்தை 155 நோயாளிகளிடம் சோதித்து, 2023-ம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். மருந்து பெற்றவர்களுக்குச் சிறுநீரில் புரதம் ஒழுகுவது நன்றாகக் குறைந்திருந்தது.

வலிக்காத நோய்

இவ்வளவு மருந்து வந்தும் ஒரு கஷ்டம் தீரவில்லை. பலர் காலம் கடந்து ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள்.

காரணம், சிறுநீரக அழற்சி பெரும்பாலும் வலிப்பது இல்லை. பல்லில் சொத்தை விழுந்தால் இரவில் தூங்க முடியாது. சிறுநீரகத்தில் லட்சக்கணக்கான வடிகட்டிகள் அடைபட்டாலும் மனிதன் வழக்கம் போல வேலைக்குப் போவான். மிச்சம் இருக்கும் வடிகட்டிகள் இரு மடங்கு உழைத்துக் குறையை மறைத்துவிடும். பசி குறைந்து, வாந்தி வந்து, மூச்சு வாங்கும் நேரத்தில் தழும்பு பாதி இடத்துக்கு மேல் பிடித்திருக்கும். தந்தியை நிறுத்தலாம். தழும்பை அழிக்க மருந்து இல்லை.

வீட்டில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டிய அடையாளங்கள்:

காலையில் எழும்போது முகமும் கண் இமையும் ஊதியிருப்பது.

சிறுநீர் சோப்பு நுரை போல நுரைத்து, அந்த நுரை அடங்காமல் நிற்பது.

சிறுநீர் சிவப்பாகவோ, கடுங்காப்பி நிறமாகவோ போவது.

மாலையில் கால் வீங்குவது. விரலால் அழுத்தினால் குழி விழுவது.

சின்ன வயதிலேயே ரத்த அழுத்தம் ஏறுவது.

இதில் ஒன்று தெரிந்தாலும் டாக்டரிடம் போக வேண்டும். சிறுநீரில் ஆல்புமின் சோதனை, ரத்தத்தில் "கிரியாட்டினின்" சோதனை, ரத்த அழுத்தம் பார்ப்பது, இந்த மூன்றும் சாதாரணச் சோதனைகள். சர்க்கரை நோயும் ரத்த அழுத்தமும் உள்ளவர்கள், அடையாளம் எதுவும் இல்லாவிட்டாலும் ஆண்டுக்கு ஒரு முறை இவற்றைச் செய்துகொள்வது நல்லது.

குழந்தைகளுக்குச் சிரங்கு வந்தால் "தானாக உதிர்ந்துவிடும்" என்று விட்டுவிடக் கூடாது. தொண்டைப் புண் கிருமியின் இனம், சிரங்கிலும் குடியேறும். சிரங்கு ஆறி மூன்று வாரம் கழித்தும் சிறுநீரகத்தில் சண்டை மூளலாம். சோப்புப் போட்டுக் குளிப்பாட்டுவதும், புண்ணுக்கு உடனே மருந்து போடுவதும் சிறுநீரகத்துக்குச் செய்யும் பாதுகாப்புதான்.

உடம்பு வலிக்கும் தலைவலிக்கும் கடையில் தாமாகவே மாத்திரை வாங்கி, நாள் தவறாமல் விழுங்குவது கூடாது. வலி மாத்திரைகள் பல, சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கின்றன. ஏற்கெனவே அழற்சி உள்ள சிறுநீரகத்துக்கு அது இரட்டை அடி.

உடம்பில் ஓடும் ரசாயனத் தந்தி நம் கண்ணுக்குத் தெரியாது, காதுக்கும் கேட்காது. ஆனால் அது செய்யும் சேதம் சிறுநீரில் தெரிகிறது. வலி வரட்டும் என்று காத்திருப்பவர்களுக்கு அந்தச் சேதி கடைசியில்தான் கிடைக்கும். சோதித்துப் பார்ப்பவர்களுக்கு, வடிகட்டிகள் மிச்சம் இருக்கும்போதே கிடைத்துவிடும்!